மகளை வகுப்புப் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் கேலி செய்கிறார்கள். போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இது: மகள் பத்தாம் வகுப்பு. அவள் போட்டோவை ஸ்டிக்கராக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சுற்ற விடுகிறார்கள். இன்ஸ்டாகிராமில் அவள் பெயரில் போலி ஐடி ஒன்றும் ஓடுகிறது. சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினால் எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் உங்கள் கணவர்.

வாங்கி வைக்காதீர்கள். முக்கியமாக, போனை ரீசெட் செய்யாதீர்கள்.

சேலத்தில் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் பெற்றோர் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களிடம்தான். "தம்பி, இதுல இருக்கறது எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாட்டம் பண்ணிக் குடுங்க" என்று போனைக் கண்ணாடி மேல் வைப்பார்கள். பின்னால் அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து நிற்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் தப்புச் செய்ததே அந்தப் பிள்ளைதான் என்று நினைப்பார். பிள்ளையின் சாட்டைப் படிக்கிற மாதிரி ஏதாவது ஆப் ஏற்றித் தரச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வேலையை நான் செய்வதில்லை.

ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். அப்பாவுக்குக் காபித் தோட்டத்தில் வேலை, பையன் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். வார நாளில் போன் வார்டனிடம் இருக்கும், சனிக்கிழமைதான் கைக்கு வரும். தூங்கும்போது எடுத்த அவன் படம் ஒன்றை ஸ்டிக்கராக்கியிருந்தார்கள். வாரம் முழுக்க வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் குழுவில் அதைப் போட்டுச் சிரிப்பார்கள். சனிக்கிழமை இவன் டேட்டாவை ஆன் செய்ததும் ஒரு வாரத்துக் கேலி மொத்தமாக வந்து இறங்கும். டிஸ்ப்ளே மாற்ற வந்த இடத்தில், அப்பா டீ குடிக்கப் போனதும் மெதுவாகக் கேட்டான்: "அண்ணா, யாருக்கும் தெரியாம குரூப்ப விட்டு வெளிய வர முடியுமா?"

முடியும், 2022இலிருந்து அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும் என்றேன்.

"ஸ்டிக்கர் போடறதே அட்மின்தாண்ணா."

அப்புறம் பேசினான். ஸ்டிக்கர் செய்தவன்மேல் அவனுக்குக் கோபம், அவ்வளவுதான். யார் யார் சிரிப்பு எமோஜி போட்டார்கள் என்பதைத்தான் வரிசை மாறாமல் ஒப்பித்தான். பக்கத்து பெஞ்ச் பையன் பெயரைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. ஒருத்தன் குத்துகிறான், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இந்த வயதில் ஆளைச் சாய்க்கிறது. உங்கள் கணவரின் யோசனை சரிப்படாது என்று நான் சொல்வதும் இதனால்தான். போனைப் பிடுங்கினாலும் குழு அங்கேயே இருக்கும். அதில் என்ன ஓடுகிறது என்று இவளுக்கு மட்டும் தெரியாது, வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ராத்திரி படுத்துக்கொண்டு இருப்பதையும் இல்லாததையும் கற்பனை செய்வாள். அதைவிட மோசம், "அம்மாவிடம் சொன்னால் போன் போய்விடும்" என்ற பாடத்தைக் கற்றுக்கொள்வாள். அடுத்த தடவை பெரிதாக ஏதாவது வந்தால் உங்களிடம் வரமாட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, போன் அதிர்ந்தாலே திடுக்கிடுவது, படிப்பில் திடீர்ச் சறுக்கல், எந்நேரமும் எரிச்சல் எல்லாம் இதோடு வரக்கூடியவை. பதற்றமும் மனச்சோர்வும் வரை போகலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டிருக்கிறது என்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 14416 அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். குழந்தைகளுக்கான 1098ம் இருக்கிறது. வாழப்போகிற பிள்ளையிடம் மார்க்கைப் பற்றி அந்த வாரம் பேசாமல் இருந்தால் ஒன்றும் குறையாது.

இனி போன். ரீசெட் செய்தால் ஆதாரம் போச்சு. நிறையப் பேர் கடைக்கு வந்து அழித்துவிட்டு, பிறகு போலீஸ் கேட்கும்போது முழிக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது கேலி வாசகத்தை மட்டும் எடுக்காமல், அந்த ஐடியின் யூசர்நேம், தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுங்கள். மேலே காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே புரொஃபைல் லிங்க்கையும் காப்பி செய்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்வது நல்லது. இதெல்லாம் முடிந்த பிறகு ரிப்போர்ட், அப்புறம்தான் பிளாக். பிளாக் செய்தால் எதிராளிக்குத் தெரிந்து இன்னும் கிளம்புவார்கள் என்று மகள் பயந்தால் இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் என்று ஒன்று உண்டு. அவர்கள் போடும் கமென்ட் அவர்களுக்கு மட்டுமே தெரியும், தடுத்தது தெரியாது. கொஞ்சம் குறும்பான வசதி, எனக்குப் பிடிக்கும்.

ஸ்டிக்கரோடு நிற்காமல் யாராவது ஆபாசமாக மார்ஃபிங் செய்திருந்தால் கதை வேறு. 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைச் சேர்த்து வைப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் குற்றம். "பார்த்தீர்களா அநியாயத்தை" என்று சொந்தக்காரர்களுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள், என் மாதிரிக் கடைக்காரனிடமும் காட்டாதீர்கள். லிங்க்கோடு நேராக சைபர் கிரைம் போலீஸிடம் போங்கள், அல்லது மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் புகார் பதியுங்கள். போலி ஐடி, மார்ஃபிங் படம் போன்றவற்றை நீக்க 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் நிறுவனங்களுக்கு முதலில் கொடுத்த கெடு 24 மணி நேரம், 2026இல் அதை 2 மணி நேரமாகக் குறைத்தார்கள், ஆகவே ரிப்போர்ட் செய்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

போலீஸ் என்றதும் நம் ஊரில் ஒரு தயக்கம் வரும். 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து பேஸ்புக்கில் போட்டார்கள். அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். காவல்துறை தாமதித்தது என்று அப்போது கடும் கண்டனம் எழுந்தது. அதை நினைத்துப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. நான் அதையே காரணமாகச் சொல்லி முதல் நாளே போங்கள் என்பேன். "அவனும் சின்னப் பையன்தானே, ஜெயிலுக்குப் போனால் பாவம்" என்ற யோசனையும் தேவையில்லை. 18க்குக் கீழே என்றால் அது சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும்.

உங்கள் விஷயம் இன்னும் ஸ்டிக்கரிலும் போலி ஐடியிலும்தான் நிற்கிறது என்றால், பள்ளியில் தொடங்கலாம். "வெளியே நடந்ததற்கு நாங்கள் என்ன செய்ய" என்பார்கள். யூனிபார்மோடு வகுப்பறையில் எடுத்த படம் என்றால் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எழுத்துப்பூர்வமான புகாரோடு வையுங்கள், பேச்சு மாறும். குழு அட்மினின் பெற்றோரைத் தலைமை ஆசிரியர் அறையில் வைத்துச் சந்திப்பது நல்லது, அவர்கள் வீட்டு வாசலில் அல்ல.

போவதற்கு முன் மகளிடம் கேட்டுவிட்டுப் போங்கள், எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று அவளே சொல்லட்டும். கோபத்தில் அந்தக் குழுவில் நீங்களோ கணவரோ வாய்ஸ் நோட் போட்டுத் திட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அதை வெட்டி ஒட்டி மறுநாளே மீம் ஆக்கிவிடுவார்கள். வகுப்பில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டியவள் உங்கள் மகள்.