கழிவுநீரும் ஆறும்: கேள்வி பதில்

கேள்வி: சுத்திகரிப்பு நிலையம் கட்டிய பிறகும் ஆறு ஏன் கறுப்பாகவே ஓடுகிறது?

பதில்: கழிவுநீர் நிலையத்துக்கு வந்து சேர்ந்தால்தானே சுத்திகரிக்க முடியும்? நகரம் விரியும் வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை விரிவதில்லை. புதுக் குடியிருப்புகளின் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் விழ, வடிகால் நேரே ஆற்றில் விழுகிறது. மழையே பெய்யாத நாளில் வடிகால் வாயருகே நின்று பாருங்கள். காலையில் சாம்பல் நிற நீர் சோப்பு நுரையோடு பெருகி வரும், மதியத்துக்குமேல் மெலியும். அது வீடுகள் குளித்துத் துவைக்கும் நேரக்கணக்கு.

25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வீட்டுக் கழிவுநீரின் அழுக்கை நுண்ணுயிரிகள் சிதைக்க, அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை, சில வேளை அதற்கு மேலும் கேட்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் சில நுண்ணுயிரிகள் நீரிலுள்ள சல்பேட் என்ற கந்தக உப்பை வைத்து வாழத் தொடங்குகின்றன. அதில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுதான் ஆற்றின் நாற்றம். இரும்போடு சேர்ந்தால் அந்தக் கருமை. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் அதே வாயுதான்.

கேள்வி: நுண்ணுயிரிகளைக் கலந்து பிசைந்த மண் உருண்டைகளைப் போட்டால் ஆறு தெளியுமா?

பதில்: தெளியாது. ஆற்றில் நுண்ணுயிரிக்குப் பஞ்சமில்லை, ஆக்சிஜனுக்குத்தான் பஞ்சம்.

கேள்வி: உருண்டை வேண்டாம், நுண்ணுயிர்ப் பொடி?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தெருவிலுள்ள பாதாளச் சாக்கடைக் குழி அடைத்துவிட்டது. ஆள் இறங்கி எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! இயந்திரத்தை வரவழையுங்கள். மூக்கை நம்பாதீர்கள், வாயு அதிகமானால் நாற்றமே தெரியாமல் போகும். காப்பாற்ற இறங்குபவரும் சாகிறார்.

கேள்வி: கரையோரம் பெருங்குழாய் பதித்துக் கழிவுநீரைத் திருப்பிவிட்டால் போதாதா? லண்டன் அப்படித்தானே மீண்டது?

பதில்: பாதிக் கதை. 1858-இல் நாற்றம் தாங்க முடியாமல் போன பிறகு லண்டன் பெருங்குழாய்களைக் கட்டியது உண்மை. ஆனால் அவை கழிவைச் சுத்திகரிக்காமல் கிழக்கே கொண்டுபோய் லண்டனின் தேம்ஸ் ஆற்றிலேயே விட்டன. 1957-இல் அந்த ஆறு உயிரற்றது என்றே அறிவிக்கப்பட்டது. சுத்திகரிப்பை மேம்படுத்திய பிறகே மீன்கள் திரும்பின.

கேள்வி (அதே வாசகர்): அப்படியானால் நிலையம்தான் முக்கியம். கழிவுநீர் நிலையத்துக்கு வந்து சேர்வதுதான் சிக்கல் என்று முதலில் சொன்னது முரண் அல்லவா?

பதில்: முரண் இல்லை. லண்டனில் கழிவு குழாய்க்குள் வந்துவிட்டது, சுத்திகரிப்பு இல்லை. வளரும் நகரத்தில் நிலையம் நிற்கிறது, கழிவு வரவில்லை. எது அறுந்திருக்கிறதோ அதை முதலில் கட்டுங்கள்.

கேள்வி: அதே தெருக் குழி. முகமூடி போட்டு இறங்கினால்?

பதில்: துணி முகமூடி வாயுவைத் தடுக்காது. இறக்காதீர்கள்.