ஹார்ட் டிஸ்க் மோட்டர் அதிரும்போது ஹெட் டிராக்கை விட்டு விலகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள்? நாங்கள் ஏதும் செய்யலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டிரைவுக்கு உள்ளே நடக்கிற சரிக்கட்டலில் நாங்கள் கை வைக்க ஏலாது, வெளியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்துவதும் சிசிரிவி பூட்டுவதும்தான் என் தொழில், ஆகவே கணக்கை விடக் கை வேலைப் பக்கம் கொஞ்சம் கூடச் சாய்ந்துதான் எழுதுவேன்.

டிராக் என்பது தரவு எழுதப்படுகிற வட்டப் பாதை, ஹெட் என்பது அதன் மேல் நின்று வாசித்து எழுதுகிற முனை. அளவு விளங்கினால்தான் மற்றது விளங்கும். இப்போதைய பெரிய டிரைவ்களில் ஒரு அங்குலத்துக்கு 5 இலட்சம் டிராக் என்று வைத்துக்கொண்டால், 25.4 மில்லிமீட்டரை அதால் வகுக்க ஒரு டிராக்குக்குக் கிடைக்கிற இடம் ஏறத்தாழ 50 நானோமீட்டர். எழுதும் நேரத்தில் ஹெட் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஆடலாம். அதைத் தாண்டி ஆடினால் பக்கத்து டிராக்கில் இருக்கிறது அழிந்துவிடும் என்று டிரைவ் எழுதுவதையே நிறுத்திவிடும். வாசிப்பதில் அவ்வளவு கறார் இல்லை, பிழைத்தால் திரும்ப வாசிக்கலாம். 7200 ஆர்பிஎம் டிரைவ் செக்கனுக்கு 120 தரம் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். எழுத முடியாமல் நின்றால் அதே இடம் திரும்ப வரும்வரை அந்த 8.3 மில்லிசெக்கனும் சும்மா போகும். டிரைவ் ‘ஸ்லோ’ என்று கொண்டுவருகிற கன கேஸ்களில் நடப்பது இதுதான்.

1980இல் வந்த சீகேட் கொம்பனியின் 5 மெகாபைட் டிரைவ் போன்ற பழையவற்றில் ஹெட்டைத் தாங்குகிற கையை நகர்த்தியது ஸ்டெப்பர் மோட்டர். இத்தனையாவது படிக்குப் போ என்றால் போய் நிற்கும், சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்காது. டிராக் அகலமாக இருந்த காலத்தில் அது போதும். இப்போது இருப்பது வொய்ஸ் கொயில்: காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச்சுருள், கரண்ட் கொடுத்தால் கை அசையும். தானாக நிற்பதற்கு அதில் படி ஒன்றும் கிடையாது. பிளாட்டரின், அதாவது சுற்றுகிற தட்டின், ஒவ்வொரு சுற்றிலும் தரவுகளுக்கு இடையில் சில நூறு சேர்வோ அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும், ஹெட் அவற்றை வாசித்துத்தான் நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறேன் என்று அறிகிறது. அந்தப் பிழையைப் பார்த்துக் கொயிலின் கரண்ட் மாறும், இந்த ஏற்பாட்டுக்குத்தான் சேர்வோ என்று பெயர். செக்கனுக்குப் பல்லாயிரம் தரம் இது நடக்கிறது.

சரி, மோட்டருக்கு வருவோம். என்னைக் கேட்டால் ஹெட்டுக்கு இருக்கிற தொல்லைகளில் மோட்டரின் அதிர்வு லேசானது, ஏனென்றால் அதில் பெரும்பங்கு சுற்றுக்குச் சுற்று அப்படியே திரும்ப வரும். பிளாட்டர் மையம் கொஞ்சம் விலகிப் பூட்டுப்பட்டிருக்கலாம், அச்சின் சமநிலை துளி பிசகியிருக்கலாம். எதுவானாலும் 120 ஹேர்ட்ஸிலும் (செக்கனுக்கு 120 தரம்) அதன் மடங்குகளான 240, 360 என்று போகிற அதிர்வெண்களிலும் வந்து நிற்கும். தினமும் ஒரே றோட்டால் மோட்டர்சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு எந்த மதகுக்குப் பக்கத்தில் குழி என்று தெரியும், குழி வருமுன்னமே கை ஹாண்டிலைத் திருப்பிவிடும். டிரைவும் அதைத்தான் செய்கிறது. பிழை வந்த பிறகு திருத்துவதோடு, இந்தக் கோணத்தில் இவ்வளவு பிழை வரும் என்று பழகி, முன்கூட்டியே கொயிலுக்குக் கரண்ட் கொடுக்கிறது.

பழகுவது எப்படி என்றால், 120 ஹேர்ட்ஸில் ஒரு சைன் அலையும் ஒரு கோசைன் அலையும் வைத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தில் வேண்டும் என்று இரண்டு எண்கள். ஒவ்வொரு அளவீட்டிலும் பிழையை அந்த அலையால் பெருக்கி, கிடைத்ததில் சிறு பங்கை எண்களோடு கூட்டிக்கொண்டு போனால், கொஞ்ச நேரத்தில் பிழையின் அந்தப் பகுதி கரைந்து இல்லாமல் போகும். 240, 360க்கும் இதே மாதிரித் தனித்தனிச் சோடிகள். கேட்கச் சுகமாக இருக்கும், ஆனால் கொயிலில் கரண்ட் மாறுவதற்கும் ஹெட் நகர்வதற்கும் நடுவே ஒரு பின்னடைவு இருக்கிறது. அந்தக் கோணத்தைக் கணக்கில் எடுக்காமல் பெருக்கினால் பிழை குறைவதற்குப் பதிலாக வளர்ந்துகொண்டே போகும். பங்கைப் பெரிதாக எடுத்தாலும் அதே கதைதான்.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. திரும்பத் திரும்ப வருகிற எல்லா ஆட்டத்தையும் ஹெட் பின்தொடர வேண்டும் என்றில்லை. சேர்வோ அடையாளங்களைப் பிளாட்டரில் எழுதிய நேரத்திலேயே எழுதும் கருவி அதிர்ந்திருந்தால் டிராக்கே நெளிந்துதான் இருக்கும். அந்த ஒவ்வொரு நெளிவுக்கும் பின்னால் ஹெட் ஓடினால் வீண் அலைச்சல், பக்கத்து டிராக்கோடு உள்ள இடைவெளியும் குழம்பும். அதனால் தொழிற்சாலையில் அந்த நெளிவை அளந்து, ஒவ்வொரு அடையாளத்துக்கும் ஒரு திருத்த எண்ணை எழுதி வைக்கிறார்கள். ஹெட் வாசித்த பிழையிலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிட்டு நெளிவைக் கவனியாமல் வட்டமாகவே போகும். மையம் விலகிய பிளாட்டருக்கு இது சரிவராது, அங்கே பின்தொடர்ந்தே ஆகவேண்டும். டிராக் அகலம் 50 நானோமீட்டர் என்றால் வெறும் 10 மைக்ரோமீட்டர் விலகலே 200 டிராக் தூரம்.

மோட்டரில் பழக முடியாத பகுதியும் உண்டு. முந்திய டிரைவ்களில் இருந்த குண்டுப் பெயாரிங்கில் குண்டுகள் உருளும் வேகம் அச்சின் வேகத்துக்கு முழு மடங்காக வராது, ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் ஆட்டம் வேறு இடத்தில் விழும். இதற்குக் கணக்கால் மருந்து குறைவு. பெயாரிங்கையே மாற்றினார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்ணெய்ப் படலத்தில் அச்சு மிதக்கும் பெயாரிங்குகள் வந்ததும் சத்தமும் குறைந்தது, இந்த ஆட்டமும் குறைந்தது. காற்று மோதிப் பிளாட்டர் படபடப்பதும் இதே வகைதான், அதற்குக் காற்றில் ஏழில் ஒரு பங்கு அடர்த்தி உள்ள ஹீலியத்தை நிரப்பி அடைத்தார்கள். அப்படியான முதல் டிரைவை எச்ஜிஎஸ்ரி என்ற டிஸ்க் கொம்பனி 2013இல் விற்பனைக்கு விட்டது. எல்லாவற்றையும் சேர்வோவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட ஏலாததற்குக் காரணம் இருக்கிறது: ஒரு அதிர்வெண்ணில் பிழையை அமுக்கினால் இன்னொன்றில் அது எழும்பும். போடே என்பவரின் பெயரால் கட்டுப்பாட்டியல் பாடத்தில் வருகிற விதி இது, எவ்வளவு விலை உயர்ந்த சிப் போட்டாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

இனி வெளியிலிருந்து வருகிற அதிர்வு. எங்கள் ஊரில் டிஸ்க் சாவதற்கு வெக்கையும் கரண்ட் வெட்டும் போதும் என்று சொல்வார்கள், அதிர்வைப் பற்றிக் கதைப்பவர் குறைவு. மிளகாய்த்தூள் அரைக்கிற மில் ஒன்றில், கமராப் படத்தை டிஸ்க்கில் பதிகிற டிவிஆர் பெட்டியை மில் மோட்டர் நிற்கும் அதே சுவரில், தகரத் தட்டில் வைத்திருந்தார்கள். பதிவில் துண்டு துண்டாக இடைவெளி. முதலாளி “தம்பி, கமரா பழுதோ?” என்று கேட்டார். இடைவெளி விழுந்த நேரங்களைப் பார்த்தால் எல்லாம் மில் ஓடுகிற நேரம்.

இதில் கன பேர் பிழையாக நினைப்பது ஒன்று. மில் மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று என்றால் அது 24 ஹேர்ட்ஸ்தான், அவ்வளவு மெதுவான ஆட்டத்தைச் சேர்வோ இலேசாக அடக்கிவிடும். குழப்புவது சில நூறு ஹேர்ட்ஸிலும் அதற்கு மேலும் வருகிற கடகடப்பு: தளர்ந்த தகரம், பெல்ட் அடிப்பு, பெட்டிக்குள்ளேயே தேய்ந்துபோன சின்ன ஃபான். 2008இல் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கொம்பியூட்டர் நிறுவனத்தில் இருந்த பொறியியலாளர் பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று கத்தி, அந்தக் கணமே டிஸ்க்கின் தாமதம் ஏறுவதைத் திரையில் காட்டினார். மனிதக் குரலே போதும் என்றால் தகரத்தைச் சொல்லவும் வேண்டுமா.

நேராகக் குலுக்குவதை விட முறுக்கிக் குலுக்குவது மோசம். ஹெட் கை அதன் அச்சைச் சுற்றிச் சமநிலைப்படுத்தப்பட்டது, ஆகவே பெட்டி முன்பின் போனால் கையும் கூடவே போகும். பெட்டி திருகினால் கை சடத்துவத்தால் அப்படியே நிற்க, டிராக் அதன் கீழிருந்து நழுவும். நாஸ் பெட்டிகளுக்கான (பல டிஸ்க் வைத்து நெற்வேர்க்கில் கோப்புகளைப் பகிர்கிற பெட்டி) டிரைவ்களில், உதாரணமாகச் சீகேட் அயர்ன்வுல்ஃபின் பெரிய கொள்ளளவுகளில், இந்தத் திருகலை உணர்ந்து ஹெட் விலகுமுன் கொயிலுக்குச் சொல்லும் சென்சர்கள் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் பல டிரைவ் வைப்பவர்கள் அந்தக் காசைக் கொடுக்கத்தான் வேண்டும், ஏனென்றால் பக்கத்து டிரைவும் 120 ஹேர்ட்ஸுக்குக் கிட்டத்தான் சுற்றும், ஆனால் சரியாக அதே வேகத்தில் அல்ல, பழகிய கணக்கு அதோடு ஒத்துப்போகாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான். டிஸ்க்கை உறுதியான தட்டில் நாலு ஆணியும் போட்டு இறுக்குங்கள். இரண்டு ஆணியில் தொங்கவிடுவது எங்கள் தொழிலில் சாதாரணம், எனக்கு அது பிடிப்பதில்லை. டிஸ்க்கைத் தனியே மெத்தென்ற றப்பரில் மிதக்கவிடாதீர்கள், ஹெட் கை வேகமாகப் பாயும்போது எழும் எதிர்விசையில் டிஸ்க்கே திருகும். றப்பரை முழுப் பெட்டிக்கும் கீழே வையுங்கள். மில்லில் டிவிஆரை அடுத்த அறைக்கு மாற்றிய பிறகு மில் ஓடும்போதும் பதிவு தொடர்ச்சியாக வந்தது. ஜெனரேற்றர் பக்கத்தில் வைத்திருப்பவர்களும் இதைத்தான் செய்யவேண்டும். சந்தேகம் என்றால் அதிர்வு உள்ளபோதும் இல்லாதபோதும் பெரிய கோப்பு ஒன்றை எழுதி வேகத்தைப் பாருங்கள். வேறுபாடு இல்லாமல் இரண்டு நேரமும் இழுத்தால் டிஸ்க் தேய்ந்திருக்கக்கூடும், முதல் வேலையாக உள்ளே இருப்பதை வேறொன்றில் இறக்குங்கள்.

ஹெட் பாயும்போது வரும் பிழைகளுக்காக டிஸ்க் தானே வைத்திருக்கிற ‘சீக் எரர் ரேட்’ கணக்கின் மூல எண் கோடிக்கணக்கில் இருக்கிறது என்று பயந்து படம் அனுப்புகிறவர்களுக்கு: சீகேட் டிரைவில் அந்த எண்ணுக்குள் மொத்தப் பாய்ச்சல்களின் எண்ணிக்கையும் சேர்ந்திருக்கும், பெரிதாக இருப்பது வழமை. அதேபோல, டிஸ்க்கின் எரிந்த சேர்க்கிட் போர்டுக்குப் பதிலாக அதே மாடலின் போர்டை எடுத்துப் பூட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவர்களுக்கு: அந்த டிஸ்க்குக்கென்று தொழிற்சாலையில் அளந்த எண்களில் ஒரு பகுதி பழைய போர்டின் றொம் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவுச் சிப்) இருக்கும். சிப்பை மாற்றிப் பொருத்தாமல் புதுப் போர்டால் ஹெட்டைச் சரியாக நடத்த முடியாது.