சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால்

கேள்வி: எனக்கு 36 வயது. குமுளியில் ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விரல்களில் வெண்புள்ளி இருக்கிறது, தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் செல்கள் குறைந்தால் உடம்பே உடம்பைத் தாக்கும் என்று இணையத்தில் படித்தேன். மதுரையில் பரிசோதித்ததில், அந்தச் செல்கள் 4 சதவீதம்தான் என்று வந்தது. இனி ஒவ்வொரு உறுப்பாகக் கெடுமா? 9 வயது மகனுக்கும் வருமா? எதிர்ப்புச் சக்திக்காக இரண்டு மாதமாகச் சிற்றமிர்துப் பொடி சாப்பிடுகிறேன். ஒரு வாரமாகப் பசியில்லை, சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போகிறது. உடம்புச் சூடுதானே?

பதில்: சூடு இல்லை, சகோதரி. கடிதத்தின் கடைசியில் எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் குறைந்து சிறுநீர் மஞ்சளானால், நன்றாகக் குடித்ததும் தெளிந்துவிடும். ஒரு வாரமாகப் பசியும் இல்லாமல், சிறுநீர் இந்த நிறத்தில் போகிறது என்றால் கல்லீரலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பொடியை இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக்குள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்: கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிரூபின், எஸ்ஜிபிடி, ரத்தம் உறையும் நேரம் காட்டும் ஐஎன்ஆர், மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கான பரிசோதனை. காய்ச்சலும் இருந்தால் எலிக்காய்ச்சலையும் பார்க்கச் சொல்லுங்கள். தோட்டப் பகுதியில் அதை மறக்கக் கூடாது. பொடியின் பாக்கெட்டை எறிந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பகலிலும் தூங்கி வழிவது, பேச்சு குழறுவது, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் பொழுது விடியக் காத்திருக்காமல் மலையிறங்கித் தேனி மருத்துவக் கல்லூரிக்குப் போய்விடுங்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படிக் காத்திருக்கும் ஒரு வாரத்தில்தான் கல்லீரல் கைமீறிப் போகிறது.

சிற்றமிர்து, அதாவது சீந்தில், கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு புகுந்தது. அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கி வந்த நோயாளிகளைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2021 முதல் எழுதி வருகிறார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த நோயாளிகளில் பலருக்கு, நோய் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் வகை பாதிப்பு இருந்தது. சிலருக்கு ஏற்கெனவே தைராய்டு போன்ற கோளாறும் இருந்தது. வெண்புள்ளியும் தைராய்டும் உள்ள ஒருவர் எதிர்ப்பைத் தூண்டும் பொடியை எடுப்பது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. உடம்பைத் தாக்கும், அடங்கியிருக்க வேண்டிய செல்களையே அது கிளப்பிவிடலாம்.

இனி அந்த 4 சதவீதம். நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் இந்த ‘ஒழுங்குபடுத்தும் டி செல்கள்’ பற்றிய கண்டுபிடிப்புக்காக 2025இல் நோபல் பரிசு கிடைத்ததும் இணையம் முழுக்க அதே பேச்சு. விஷயம் உண்மைதான், பயம்தான் வீண். ரத்தத்தில் உள்ள ‘உதவி டி செல்கள்’ என்ற வெள்ளணு வகையில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இவை என்பார்கள். ஆனால் எந்த அடையாளத்தை வைத்து எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து லேபுக்கு லேப் எண் மாறும். அதைவிட முக்கியம், ரத்தம் இவற்றுக்கு வெறும் வழித்தடம். குமுளி பஸ் நிலையத்தில் நிற்பவர்களை எண்ணி, ஊரில் எந்த வீட்டில் எத்தனை பேர் என்று சொல்ல முடியுமா? நெஞ்சில் உள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகும் இந்தச் செல், நிணநீர்க் கணுவில் தூண்டப்படும்போதுதான் போகவேண்டிய இடத்துக்கான ஏற்பிகளை, அதாவது முகவரிச் சீட்டு போன்ற புரதங்களைப் பெறுகிறது. தோலுக்கு ஒரு வகை, குடலுக்கு வேறு வகை. குடலுக்கான ஏற்பிகள் உருவாக வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் பொருள் உதவுகிறது. போய்ச் சேர்ந்த இடத்துக்கேற்ப வேலையும் மாறும். தசையில் காயம் ஆற உதவும், கொழுப்பில் அழற்சியைத் தணிக்கும். எலிகளில் செய்து 2024இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவை ஓர் உறுப்பில் சராசரியாக மூன்று வாரமே தங்கி, பிறகு வேறிடம் நகர்வது தெரிந்தது. ஆகவே உங்கள் விரலிலோ கல்லீரலிலோ என்ன நடக்கிறது என்பதைக் கையில் எடுத்த ரத்தம் சொல்லாது. அந்த எண்ணை வைத்து வெண்புள்ளிக்கு எந்தத் தோல் மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். மறுபடி அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

ஒவ்வொரு உறுப்பாகக் கெடும் என்பதும் இல்லை. வெண்புள்ளியும் தைராய்டும் சேர்ந்து வருவது வழக்கமானது. பெரும்பாலோருக்கு அதோடு நின்றுவிடும்.

மகனைப் பற்றி நீங்கள் படித்திருப்பது, இந்தச் செல்கள் உருவாகத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுதாக இருக்கும். அது மிக மிக அரிது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், தோல் அழற்சி என்று வெளிப்படும். 9 வயதுவரை ஓடியாடி வளர்ந்த பையனுக்கு அந்தக் கவலை வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம். நீங்கள் சாப்பிடும் பொடியில் அவனுக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்து வந்திருந்தால் மட்டும், நாளை அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.