வாசகர் கேள்வி: 5 வாட் போதுமா?

கேள்வி: ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகிறது. வீட்டில் 40 மீட்டர் பேண்டை (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) திறந்தாலே ஓயாத இரைச்சல். கையில் இருப்பது மோர்ஸ் சங்கேதம் அனுப்பவும் கேட்கவும் உதவும் 5 வாட் பெட்டி. அதை விற்றுவிட்டு 50 வாட் வாங்கினால் சரியாகுமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: ஆகாது. 50 வாட் வாங்கினால் உங்களை ஊர் கேட்கும், உங்களுக்கு யாரும் கேட்க மாட்டார்கள். இரைச்சல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், போன் சார்ஜர் எல்லாம்தான் காரணம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மின்கம்பி இல்லாத ஒரு புளியமரத்தடிக்குப் போங்கள். எனக்கு அப்படித்தான் விடிந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் முதல்முறை ஹெட்போனை மாட்டியபோது பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று நினைத்தேன், அவ்வளவு அமைதி.

50 வாட் என்ன, 100 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசமே 13 டெசிபல்தான். எதிர்முனையில் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் முள் இரண்டு புள்ளிக்குச் சற்றுக் கூடுதலாக இறங்கும். மோர்ஸுக்கு அது பெரிய விஷயமில்லை.

காசைவிட கம்பியில் கவனம் வையுங்கள். 143-ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவரிசையால் வகுத்தால் டைபோலின் (இரு கை கொண்ட கம்பி ஆன்டெனா) மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.030 மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 20.3 மீட்டர். நடுவே வெட்டி, பெட்டியிலிருந்து வரும் ஒயரை அங்கே கொடுக்க வேண்டும். முதலில் ஒரு சாண் கூடுதலாகவே விடுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. நடுப்பகுதியை மரத்தில் ஏற்றி, நுனிகளைச் சரித்துக் கட்டினால் இன்னும் கொஞ்சம் நறுக்க வேண்டிவரும். கிளைக்கு மேல் கயிறு போடக் கல் கட்டாதீர்கள், சுற்றிக்கொள்ளும். பாதி தண்ணீர் உள்ள சின்ன பாட்டில்தான் சமர்த்தாகக் கீழே இறங்கும். 5, 6 மீட்டர் உயரமே பகலில் பக்கத்து மாநிலங்களுக்குப் போதும்.

யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு பகலுக்குத் தாராளம், ஆனால் கனம். அப்புறம், கிளம்பும்போது பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை மோர்ஸ் தட்டும் கீயையே மறந்து போய், பெட்டியில் அதைச் செருகும் ஜாக்கில் வெறும் ஒயர் நுனி இரண்டைச் செருகி, டிபன் ஸ்பூனால் தொட்டுத் தொட்டு அனுப்பினேன். பெங்களூருக்காரர் ஒருவர் பதில் போட்டார். "கை நடுங்குகிறதா?" என்று கேட்டார்.

லைசென்ஸ் நகல் பையில் இருக்கட்டும். ஆடு மேய்ப்பவர் "டவர் போடுறீங்களா?" என்பார், போலீஸ்காரரும் அதையே கேட்பார்.