சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அப்பாவின் சிறுநீரகம் ஏன் கெட்டது?

கேள்வி: அப்பாவுக்கு 46 வயது. இருபது வருடங்களுக்கு மேலாக வேதாரண்யம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறார். மழைக்காலத்தில் மட்டும் வயல் வேலைக்குப் போவார். சர்க்கரையும் இல்லை, பிரஷரும் இல்லை. அசதியாக இருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது ரத்தம் எடுத்துப் பார்த்து, கிரியேட்டினின் என்ற கழிவு 1.9 இருக்கிறது, சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்றார்கள். சிறுநீரில் புரதம் இல்லை. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் கொஞ்சம் சிறுத்திருக்கிறதாம். காரணம் கேட்டால் "தெரியவில்லை" என்கிறார்கள். ஊரில் சிலர் போர் தண்ணீர் என்கிறார்கள், சிலர் பூச்சிமருந்து என்கிறார்கள். கடன் வாங்கியாவது ஆர்ஓ மெஷின் வைக்கலாமா? நாட்டு மருந்துப் பொடி ஒன்றையும் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? சித்தப்பாவும் அதே உப்பளத்தில்தான் இருக்கிறார்.

பதில்: "தெரியவில்லை" என்று சொன்ன டாக்டர் மேல் கோபம் வேண்டாம். அவர் சொன்னது உண்மை. உங்கள் அப்பாவுக்கு இருப்பதைப் போன்ற நோயை உலகம் முப்பது வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறது. மருத்துவ உலகில் அதன் பெயரே "காரணம் அறியப்படாத நாள்பட்ட சிறுநீரக நோய்"தான்.

1990களில் இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவைப் பகுதிகளில் நெல் விவசாயிகளிடம் இது கூட்டம் கூட்டமாகத் தெரியவந்தது. எல் சல்வடோர், நிகராகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இதே நோயால் செத்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம். எங்கே பார்த்தாலும் பாதிக்கப்படுவது வெயிலில் உடலுழைப்பு செய்யும் ஏழைகள்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கெட்டால் சிறுநீரில் புரதம் ஒழுகும். இந்த நோயில் முதலில் கெடுவது வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்களும் அவற்றைச் சுற்றியுள்ள திசுவும். அதனால்தான் புரதம் தெரிவதில்லை, காலும் வீங்குவதில்லை. முகாமில் பிரஷரும் சிறுநீரும் மட்டும் பார்த்தால் இவர்கள் "நார்மல்" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

காரணம் என்ன என்பதில்தான் சண்டை. ஒரு தரப்பு வெயிலைச் சொல்கிறது. நாள் முழுக்க வேர்த்து, உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைந்து, மறுநாள் அது தேறுவதற்குள் மறுபடி அதே வெயில். இப்படியே வருடக்கணக்கில். எல் சல்வடோரில் கடலோரச் சமவெளியில் கரும்பு வெட்டுபவர்களிடம் நோய் அதிகம். மேட்டுநிலத்தில் அதே கரும்பை வெட்டுபவர்களிடம் குறைவு. அறுவடை நாட்களில் தொழிலாளர்களின் கிரியேட்டினின் ஏறுவதையும் அளந்து காட்டியிருக்கிறார்கள். நம் ஊர் நீர்க்கடுப்பு போன்ற ஒன்றுக்கு அந்தத் தொழிலாளர்களிடமும் தனிப் பெயர் உண்டு, "சிஸ்தாத்தா" என்பார்கள். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், வெயில் காலத்தில் எரிச்சலோடு சொட்டுச் சொட்டாகப் போவது அவருக்கும் பழகிப்போன விஷயமாக இருக்கும்.

மறுதரப்பின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. வெயில்தான் காரணம் என்றால், அதே அளவு வெயில் கொளுத்தும் எத்தனையோ ஊர்களில் ஏன் இந்த நோய் இப்படிக் குவியவில்லை? இலங்கையில் இது குவிந்திருக்கும் இடங்களில் கிணற்று நீர் கடினமானது, ஃப்ளோரைடும் அதிகம். கேட்மியம் என்ற நச்சு உலோகத்தைச் சந்தேகித்தார்கள். 2014இல் கிளைபோசேட் களைக்கொல்லியும் கடின நீரும் சேர்ந்துதான் காரணம் என்று ஒரு கருதுகோள் வந்தது. அடுத்த வருடமே இலங்கை அரசு கிளைபோசேட்டைத் தடை செய்தது; 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தி, 2022இல் தடையையே நீக்கிவிட்டது. பத்து, இருபது வருடங்கள் ஊறி வெளிப்படும் நோயில் இத்தனை சின்ன இடைவெளியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 2020இல் வேறொரு குழு, இலங்கை நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு நச்சுதான் நுண்குழாய் செல்களைக் கெடுத்திருக்கிறது என்றது. அதே மாற்றம் மற்றச் சிறுநீரக நோய்களிலும் தெரிகிறதே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை.

உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உப்பளப் பாத்தியில் யாரும் உரம் போடுவதில்லை, பூச்சிமருந்து அடிப்பதில்லை. அங்கே இருப்பது வெயில், தரையிலிருந்து எதிரடிக்கும் கூசல், நிழலே இல்லாத வெளி. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, பெரும்பாலோர் பாதுகாப்பு அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதும், அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தது. மழைக்கால வயல் வேலையை நான் கணக்கில் எடுக்காமல் இல்லை. ஆனாலும் முதல் சந்தேகம் எனக்கு வெயில் மேல்தான். இரண்டாவது சந்தேகம் வலி மாத்திரை. நாள் முழுக்க உப்பு வாரிய உடம்பு வலிக்கு ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளாத தொழிலாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே நீர் வற்றிய சிறுநீரகத்தை நேராகத் தாக்கும். இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.

அந்தப் பொடியை மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். காரணம் இருக்கிறது. பால்கன் நாடுகளில் டான்யூப் நதியின் கிளைகளை ஒட்டிய கிராமங்களிலும் இப்படித்தான் சிறுநீரகங்கள் கெட்டன. 1950களில் அதைப் பதிவு செய்தார்கள். தண்ணீர், உலோகம், பூஞ்சை என்று எதையெதையோ சந்தேகித்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2007இல்தான் உறுதியான சான்று வந்தது: கோதுமை வயலில் களையாக முளைத்த அரிஸ்டலோக்கியா செடியின் விதை மாவில் கலந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இளைப்பதற்காக மூலிகை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் அதே இனச் செடியின் நச்சு. சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வரவைக்கும். நம் ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அந்த இனம்தான். பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. கிரியேட்டினின் 1.9 என்பது அவர் வயதுக்குச் சிறுநீரகத் திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) ஏறக்குறைய 43; 90க்கு மேல் இருந்தால் நார்மல். கணிசமான இழப்பு, ஆனால் டயாலிசிஸ் பக்கத்தில் இல்லை. இரண்டு மூன்று நாள் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுத்து, ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு தடவையும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் மறுபடி பாருங்கள். தமிழ்நாட்டில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்த ஆய்வில் முதல் தடவை 100க்கு 17 பேருக்குக் கோளாறு தெரிந்தது. மூன்று மாதம் கழித்து அது நீடித்தது 100க்கு 5 பேருக்கு. அந்த ஐந்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர் போன்ற காரணம் எதுவும் இல்லை. ஸ்கேனில் சிறுத்திருப்பதால் உங்கள் அப்பாவுடையது நாள்பட்டதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் வெயிலால் வந்த பங்கு எவ்வளவு, அது எவ்வளவு மீளும் என்பது அந்த ரிசல்ட்டில் தெரியும். பொட்டாசியம், சோடியம், யூரிக் அமிலமும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதனால் அந்த அளவு தெரியும்வரை இளநீர் வேண்டாம். அருகில் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஆர்ஓ மெஷினுக்காகக் கடன் வாங்க வேண்டாம். நல்ல தண்ணீர் நல்லதுதான், ஆனால் மெஷின் அவர் வேர்வையைக் குறைக்காது. அந்தப் பணம் பரிசோதனைக்கு ஆகட்டும். நிகராகுவாவில் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் வேலை நேரத்துக்குள்ளேயே கட்டாயமாக்கியபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதவில்லை, ஓய்வும் வேண்டியிருந்தது. அப்பா வேலையை விட முடியாது என்று எனக்குத் தெரியும். விடியுமுன் தொடங்கி பத்து, பதினொரு மணிக்குள் கரையேறும் வேலையாக மேஸ்திரியிடம் கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிற்கும்போது தாகத்துக்குக் காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், நடுவில் நீராகாரம். கால் வீக்கமோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் இந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டில் குளிர்பானம் வேண்டாம். நீர் வற்றிய எலிகளுக்குச் சர்க்கரைக் குளிர்பானம் கொடுத்தபோது சிறுநீரகம் மேலும் கெட்டதாக ஆய்வு இருக்கிறது.

அப்புறம், சித்தப்பா. அவரை இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். பிரஷர், சர்க்கரை, சிறுநீரோடு கிரியேட்டினினும் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதே பாத்தியில் வேலை செய்யும் பெண்களிடமும் சொல்லுங்கள். ஒதுங்க இடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் அவர்கள்தான்.