வேலையிடப் பேச்சும் மனத்தெம்பும்: கேள்வி பதில்

ஊழியர் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேலாளர் திட்டுவதில்லை. ஆனால் நான் பேசும்போது போனைப் பார்க்கிறார், என் மெயிலுக்குப் பதில் போடுவதில்லை. இதற்கே சோர்ந்துபோகிறேன். இது என் பலவீனமா?

இல்லை. நிர்வாகவியல் ஆய்வாளர்கள் லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் இருவரும் 1999-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. இது சின்ன அவமரியாதை. வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் செய்ததா என்று சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம்தான் ஆளைத் தின்கிறது. திட்டியிருந்தால் கோபப்பட்டு விட்டுவிடலாம். இதுவோ வீடு வரை வரும், ராத்திரி படுத்தபின்னும் ஓடும்.

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிக்காதீர்கள். பதில் சொல்லியே ஆகவேண்டிய மாதிரி கேளுங்கள். "மெயில் பார்த்தீர்களா சார்?" என்றால் "பார்க்கிறேன்" என்று முடிந்துவிடும். "மூன்றாம் பக்கக் கணக்கை இப்படியே அனுப்பவா, மாற்றவா? மதியம் அனுப்பியாக வேண்டும்" என்று கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். அப்போதும் பார்க்கவில்லை என்றால் பிரச்சினை உங்களிடம் இல்லை என்பதாவது தெளிவாகும்.

தியான ஆப் கொடுத்திருக்கிறார்கள், மனவுறுதி வகுப்பும் நடக்கிறது. போதுமா?

போதாது. ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃப்ளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை அலசி 2024-ல் வெளியிட்டார். இப்படிப்பட்ட வகுப்புகளுக்கும் ஆப்களுக்கும் போனவர்கள், போகாதவர்களைவிட நலமாக இல்லை. தொண்டு வேலைக்கு வாய்ப்புக் கொடுத்த இடங்களில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. தியானம் பிடித்தால் செய்யுங்கள். ஆனால் வேலையிடத்தைச் சரிசெய்யாமல் உங்களை மட்டும் சரிசெய்யச் சொன்னால் ஏற்காதீர்கள்.

பர்ன்அவுட் (வேலை அழுத்தம் நீடித்து அடியோடு சோர்ந்துபோவது) ஒரு நோயா?

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் அது நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாக இருக்கிறது.

எதையும் தாங்கும் மனத்தை வளர்ப்பது எப்படி? (இதையே பலர் கேட்டிருக்கிறீர்கள்)

எல்லோருக்கும் ஒரே பதில். உளவியலாளர் எமி வெர்னர், ஹவாயின் கவாயி தீவில் 1955-ல் பிறந்த குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பச் சிக்கலும் சூழ வளர்ந்தும் நன்றாக வந்தவர்களுக்கு, அக்கறையுள்ள ஒரு பெரியவராவது துணை இருந்தார். பெரியவர்களுக்கும் துணை வேண்டும். வேலையில் "இது எனக்குப் புரியவில்லை" என்று கூச்சமின்றிச் சொல்லக்கூடிய ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

கண்டிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும். தட்டிக்கொடுத்தால் தப்பு கூடும். நாங்கள் திட்டு வாங்கித்தான் வேலை கற்றோம்.

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 குழுக்களை வைத்து ஒரு சோதனை; 2015-ல் வெளியானது. பயிற்சிக்கு நடுவில் சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமானவர் மட்டம்தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோயிருந்தன. அவமானப்பட்டவர் வாயை மூடிக்கொள்கிறார். வேலை கெடுவது அங்கேதான்.

(அதே நண்பர்) ஆஸ்பத்திரி வேறு, தொழிற்சாலை வேறு. தப்பு செய்தவனைக் கேட்கவே கூடாதா?

கேட்க வேண்டும், கட்டாயம் கேட்க வேண்டும். "அளவு தவறிவிட்டது, எந்த இடத்தில் தவறியது என்று காட்டுங்கள்" என்பது கண்டிப்பு. "உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது?" என்பது அவமதிப்பு. முதல் கேள்விக்கு நடந்ததைச் சொல்வார்கள். இரண்டாவதைக் கேட்டவர் அடுத்த தடவை தப்பை மறைப்பார். தொழிற்சாலையில் மறைத்த தப்பு கையையோ விரலையோ பலிவாங்கும். ஆகவே இது தொழிற்சாலைக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

(இன்னொருவர்) எங்கள் டீமில் தப்பே பதிவாவதில்லை. அப்படியென்றால் நல்ல டீம்தானே?

சொல்ல முடியாது. நிர்வாகவியல் ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளைப் பார்த்தபோது, தலைமை நன்றாக இருந்த பிரிவுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள். உங்கள் டீமில் கடைசியாகத் தானே முன்வந்து தப்பைச் சொன்னவருக்கு என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.

இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லை. என்ன மாத்திரை போடலாம்?

மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். மாத்திரை விஷயம் என் துறை அல்ல.

மன அழுத்தத்துக்கு நல்ல ஆப் ஒன்று சொல்லுங்களேன்?

மேலே எழுதிவிட்டேன். ஆப்பைத் தேடும் முன் வேலையிடத்தைப் பாருங்கள்.

திங்கட்கிழமை முதல் நான் டீம் லீடர். முதல் வாரம் என்ன செய்யட்டும்?

ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். போனை மேஜையில் வைக்காதீர்கள். "உங்கள் வேலையில் எது தேவையில்லாமல் கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் உங்களால் முடிகிற ஒன்றையாவது வெள்ளிக்கிழமைக்குள் மாற்றுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று அவரிடமே சொல்லிவிடுங்கள்.