புதிதாக வாங்கிய தரை டைல்ஸ் வளைந்திருக்கிறது, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

ஹாலுக்கு வாங்கிய டூ பை ஃபோர் (இரண்டடிக்கு நான்கடி) டைல்ஸ் வளைந்திருப்பதாகவும், கடையில் கேட்டால் "ஒட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்று: ஒட்ட விடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஒட்டாத டைல்ஸ் வீட்டில் இருக்கும் வரைக்கும்தான் கடையில் உங்கள் பேச்சு எடுபடும். ஒரு வரிசை ஒட்டிவிட்டால் போதும், "பார்த்துத்தானே சார் ஒட்டினீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பல கம்பெனிகள் "ஒட்டும் முன் சரிபார்க்கவும், ஒட்டிய பின் புகார் ஏற்கப்படாது" என்று பெட்டியிலேயே அச்சடித்து விடுகின்றன.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், எங்கள் வீட்டிலும் இதே டூ பை ஃபோர், இதே வளைவு. வேலூர் சத்துவாச்சாரியில் அப்பா கட்டிய வீட்டில் பழைய மொசைக் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட முடிவு செய்தோம். குடியாத்தம் பக்கத்து மேஸ்திரி. வேலை ஆரம்பிக்கும் முன் அவராகவே பெட்டிகளைப் பிரித்து, இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்திப் பார்த்தார். நடுவில் ஒட்டி நின்று, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் தெரிந்தது. "அண்ணா, கல்லு வளைஞ்சிருக்கு. ஒட்டச் சொன்னா ஒட்டிடுவேன். நாளைக்குக் கால் தட்டுச்சுனா என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். அன்றைக்குக் கூலி போனாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்ன மனிதர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.

வேலையை நிறுத்துவது சொல்கிற அளவுக்கு லேசில்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் ஊரெல்லாம் விசேஷம். எங்களுக்கும் ஆவணியில் தம்பியின் நிச்சயதார்த்தம் அதே ஹாலில் நடக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி காத்திருந்தால் கூலி, சிமெண்ட் மூட்டை வெளியில் கிடக்கிறது, வீட்டில் நடக்க இடமில்லை, சொந்தக்காரர்கள் "இதெல்லாம் யாருக்குத் தெரியப் போகுது" என்கிறார்கள். கடைக்காரருக்கும் இது நன்றாகவே தெரியும். "மாத்தணும்னா லோடு வர நாளாகும், உங்க விசேஷத்துக்குள்ள முடியாது" என்பதுதான் அவர் வைக்கும் பெரிய நெருக்கடி. விசேஷத்துக்குப் பாய் விரித்துச் சமாளித்துவிடலாம். வளைந்த தரையில் இருபது முப்பது வருடம் நடக்க வேண்டும். வயதான அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அந்தச் சின்ன மேடு தடுக்கி விழும் இடமாகிவிடும்.

சரி, வளைவு எப்படி வருகிறது? அழுத்தித் தயாரித்த கல்லை நீளமான சூளையில் உருளைகள் மேல் ஓடவிட்டு, சுமார் 1200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுகிறார்கள். மேலும் கீழும் சூடு ஒரே சீராக இல்லாமல் போனாலோ, ஆறும்போது ஒரு பக்கம் முந்திக்கொண்டாலோ கல் வளையும். நான்கடி நீளக் கல்லில் இது நன்றாகவே தெரியும். சுட்டு முடிந்த கல் அதற்குப் பிறகு நிமிராது. "லெவலிங் கிளிப் போட்டால் இழுத்துப் பிடிச்சுடும்" என்பதை நம்பாதீர்கள். பசை காயும் வரை பக்கத்துப் பக்கத்துக் கல்லின் ஓரங்களைச் சமமாகப் பிடிப்பதுதான் கிளிப்பின் வேலை. கல்லை நிமிர்த்த அதனால் முடியாது.

அதே நேரம், வெளிச்சம் தெரிந்தாலே குறை என்றும் சொல்லிவிட முடியாது. டைல்ஸுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15622 கொஞ்சம் வளைவை அனுமதிக்கிறது. முகத்தோடு முகம் வைக்கும்போது இரண்டு கல்லின் வளைவும் கூடித் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் ஒரே ஒரு கல்லை எடுத்து, நேரான அலுமினியப் பட்டையை மூலைக்கு மூலை வைத்து, எவ்வளவு இடைவெளி என்று மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். பல பெட்டிகளிலிருந்து எடுத்து அளக்க வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் என்றால் அந்தப் பெட்டியை மாற்றித் தந்துவிடுவார்கள். எல்லாப் பெட்டியிலும் இருந்தால்தான் அது பேட்ச் குறை, அதாவது ஒரே தடவையில் தயாரான கற்கள் மொத்தத்துக்கும் உள்ள குறை. பிறகு அந்தக் குறிப்பிட்ட கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட வளைவு எவ்வளவு என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எங்களிடம் பேசிய தொனியே மாறியது.

வளைவைப் பார்க்கும்போதே நிறத்தையும் பார்த்துவிடுங்கள். வெவ்வேறு பெட்டிக் கற்களைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் பரப்பி, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தெரிந்துவிடும். கடையின் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே ஒரே நிறம்தான். நாலைந்து கற்களை அடுக்கி ஓரத்தைத் தடவினால் அளவு வித்தியாசம் கையிலேயே தட்டும்.

பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். பேட்ச் எண், ஷேடு எண், தயாரித்த மாதம், தரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தரம் என்ற இடத்தை இரண்டு முறை படியுங்கள். ஒரே டிசைன் பிரீமியம் என்றும் வரும், ஸ்டாண்டர்டு, கமர்ஷியல் என்றும் வரும். பிரீமியம் விலை வாங்கிக்கொண்டு பெட்டியில் வேறு தரம் இருந்தால் அங்கே வளைவு பற்றிப் பேசவே தேவையில்லை, சொன்ன பொருளைத் தரவில்லை என்பதே போதும். மாறாக, கழிவு விலையில் இரண்டாம் தரம் என்று தெரிந்தே வாங்கியிருந்தால் உங்கள் புகார் பலவீனமானது. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை.

அப்புறம் பில். நம் ஊரில் பல கடைகளில் எஸ்டிமேட் சீட்டில்தான் வியாபாரம். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்பார்கள். சேரட்டும். பில்லில் கம்பெனி பெயர், டிசைன், அளவு, தரம், பெட்டி எண்ணிக்கை எல்லாம் வர வேண்டும். ஏற்கெனவே சீட்டில் வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்தச் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே விவரம், வாட்ஸ்அப்பில் பேசியது எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள், அவையும் சான்றுதான். இன்றைக்குக்கூடப் போய்ப் பில் கேட்கலாம். பொருளை விற்றுவிட்டு பில் தராமல் இருப்பதையே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக முறை என்கிறது.

அதே பிரிவில்தான் உங்களுக்கு வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக முறைதான். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டினால் அமைதியாக இதைச் சொல்லுங்கள். டிசைன் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பவருக்கு வேண்டுமானால் அந்த வரி பொருந்தும், குறையுள்ள பொருளுக்குப் பொருந்தாது. இந்த 30 நாள் கணக்குக்காகவே தள்ளிப்போடாமல் இந்த வாரமே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நேரில் போய்ச் சண்டை போடுவதைவிடக் கடிதம் நன்றாக வேலை செய்கிறது. நாங்கள் கடைக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினோம். வாங்கிய தேதி, பேட்ச் எண், அளந்த இடைவெளி, எத்தனை பெட்டி பிரித்தோம், எத்தனை பிரிக்காமல் இருக்கிறது, வேலை நின்றிருப்பதால் ஆகும் கூலி, என்ன வேண்டும் என்பது, பதிலுக்கு ஒரு தேதி, அவ்வளவுதான். திட்டு ஒரு வரிகூட இல்லை. கடையில் முத்திரை வைத்த நகல் கேட்டோம், தயங்கினார்கள், அதனால் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் போனது. "கம்பெனிதான் பார்க்கணும், நாங்க வெறும் டீலர்" என்று கடையும், "டீலர் மூலமா வாங்க" என்று கம்பெனியும் மாறி மாறிச் சொல்வதற்கு இதுதான் மருந்து. இரண்டு பேருக்கும் ஒரே தாளில் எழுதுங்கள்.

கம்பெனியிலிருந்து சென்னைப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து அளந்தார். எப்படி ஒட்டப் போகிறீர்கள் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி ஒட்டினால் ஒரு கல்லின் மேடான நடுப்பகுதி பக்கத்துக் கல்லின் தாழ்ந்த ஓரத்தோடு சேரும், நல்ல கல்லில்கூட மேடு தெரியும். அதனால் நீளக் கற்களை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றி ஒட்டக் கூடாது என்பார்கள். இதில் தவறினால் முழுப் பழியும் மேஸ்திரி தலையில் விழும். எங்கள் மேஸ்திரி நேர் வரிசைதான் என்று சொல்லி, ஒட்டாத கல்லிலேயே பட்டையை வைத்துக் காட்டினார். வந்தவர் அதற்கு மேல் வாதாடவில்லை. வேறு பேட்ச் வந்தது. வண்டி வாடகையைக் கடை ஏற்றுக்கொண்டது, காத்திருந்த கூலியில் ஒரு பகுதியையும் பில்லில் கழித்தார்கள். நிச்சயதார்த்தம் மாடியில் ஷாமியானா போட்டு நடந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

உங்களுக்குக் கடிதத்திலேயே முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய கம்பெனி என்றால் அதுவே பல நேரம் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வேலூர்க்காரர்கள் பலர் வகை நிறைய இருக்கிறது என்று சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் டைல்ஸ் வாங்குகிறோம். கல்லைச் செய்வது பெரும்பாலும் குஜராத்தின் மோர்பி. வழக்குக்கு அங்கெல்லாம் அலைய வேண்டுமோ என்று பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை, 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். இரண்டு வருடக் கெடு இருக்கிறது. கடை, கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். மாற்றுப் பொருள் அல்லது பணம் கேட்பதோடு, கூலி, வண்டி வாடகை, வீணான பசை ஆகியவற்றை ரசீதோடு நஷ்ட ஈடாகக் கேளுங்கள். தேவைப்பட்டால் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்காகவே இரண்டு பெட்டியையாவது பிரிக்காமல் வைத்திருங்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே ஒட்டி முடித்தவர்களும் இருப்பீர்கள். உங்கள் வழி கடினம்தான், ஆனால் மூடிவிடவில்லை. வளைவும் நிறமும் முன்பே பார்த்திருக்கக்கூடியவை என்று வாதிடுவார்கள். மேல்பூச்சில் மயிரிழை வெடிப்பு, சில மாதத்தில் உரியும் நிறம், நாளாக ஆக அழுக்கு ஏறித் தெரியும் ஊசித் துளை போன்றவை ஒட்டும் முன் கண்ணுக்குத் தெரியாதவை. இவற்றுக்கு "ஒட்டிய பின் புகார் இல்லை" என்ற வரியை எதிர்த்து வாதாட நல்ல இடம் உண்டு. தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்பது மட்டும் பெரும்பாலும் ஒட்டிய வேலையின் குறை, அதைக் கம்பெனி மேல் போடாதீர்கள். கோபத்தில் தரையை உடைக்கவும் வேண்டாம். வழக்கு என்று போனால், நேரில் வந்து பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படி மனு போடலாம். அவர் வந்து பார்க்கும்போது தரை இருந்தபடியே இருக்க வேண்டும், மிச்சக் கற்கள் அவற்றின் பெட்டியோடு பக்கத்தில் இருக்க வேண்டும்.